எத்தனை கல்யாணப் பத்திரிகை அடித்தீர்கள்?

1995 ஆகஸ்டு 12, சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு அந்த மாடிப்படியில் ஏறினேன். வரச் சொல்லியிருந்தது பத்தரைக்கு. முன்னதாகப் போனால் அவசரப்படுகிறாள் என்று நினைப்பார்களோ என்ற தயக்கத்தில், கீழே ஜவுளிக்கடை வாசலில் நின்று கடைச் சுவரின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுடிதார் துணியா, சேலையா என்று கடைக்காரர் இரண்டாம் முறை கேட்டதும் ஏறிவிட்டேன்.

மாடியில் இருந்தவரை ஊரில் நாவல் ஏஜெண்ட் என்றார்கள். இலக்கிய முகவர் என்ற சொல்லை அதற்கு முன் நான் ஆங்கிலப் பாடப் புத்தகங்களில்தான் பார்த்திருந்தேன். அங்கே அவர்கள் பிரதியைப் படித்து, அதன் தரத்தை மதிப்பிட்டு, பதிப்பாளரைத் தேடித் தருகிறவர்கள். கோயமுத்தூரில் ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால் இருந்தவர் முதலில் பருத்திக்கு ஏஜெண்ட். பிறகு நூற்பாலை உதிரிப் பாகங்களுக்கு. பிறகு பள்ளிக்கூட நோட்ஸ் புத்தகங்களுக்கு. மண்வாசனை நாவல்களுக்குச் சென்னையில் திடீரென்று கிராக்கி ஏற்பட்ட அந்த ஆண்டுகளில் கதைகளுக்கும் ஏஜெண்ட் ஆனார். பொள்ளாச்சியிலிருந்து ஈரோடு வரை எழுதுகிறவர்கள் அவரிடம் பிரதிகளைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அவர் தேர்ந்தெடுத்ததை ஒரு சிபாரிசுக் கடிதத்தோடு சென்னைப் பதிப்பாளர் ஒருவருக்கு அனுப்புவார். புத்தகம் அச்சானதும் பெரும்பகுதியைத் தானே எடுத்துக்கொண்டு, ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா வைத்து, எழுதியவரின் சொந்தபந்தங்களிடம் விற்றுத் தீர்ப்பார். ஆகவே, அவர் கடிதம் இல்லாமல் எங்கள் பக்கத்திலிருந்து போகும் கட்டுகளை அந்தப் பதிப்பகம் பிரிப்பதுகூட இல்லை. என்னோடு படிக்கும் மாணவர் ஒருவரின் சிறுகதைகள் போட்ட முடிச்சு போட்டபடியே திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் நாவல் என் பெயரில் புத்தகமாக வர வேண்டும். எம்.ஏ. முதலாண்டு முழுவதும் எழுதி, கோடை விடுமுறையில் நீள்தாளில் ஒரே ஒரு நல்ல பிரதி எடுத்து, ஜூன் மாதம் அவரிடம் கொடுத்திருந்தேன். முதல் தாளில் தலைப்பு, என் பெயர், அதற்குக் கீழே கதவு எண், தெரு, பீளமேடு.

அந்தக் கதவு எண் ஒரு மில் முதலாளியின் பங்களாவுக்கு உரியது. நாங்கள் குடியிருந்தது பங்களாவுக்குப் பின்னால், அவர்கள் வாடகைக்கு விட்டிருந்த அவுட்ஹவுசில். மொத்த வளாகத்துக்கும் ஒரு வாயில், ஒரு எண், ஒரு தபால்பெட்டி. என் அப்பாவுக்கு வரும் திருச்சபைப் பத்திரிகையும் முதலாளிக்கு வரும் வங்கிக் கடிதங்களும் அதே பெட்டியில் விழும். பங்களாவின் சமையல்காரம்மா எங்களுடையதைப் பிரித்து எடுத்து வந்து கொடுப்பார். எழுதத் தெரிந்த நாளிலிருந்து நான் எழுதிய முகவரி அதுதான்.

மாடியில் ஒரு பெஞ்சு கிடந்தது. அதில், மடியில் துணிப்பையோடு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவர் என்பதையும், மஞ்சள் வியாபாரத்தை வைத்துப் பெரிய நாவல் ஒன்று எழுதியிருப்பதையும், முதல் பஸ்சுக்கு வந்து காத்திருப்பதையும் நான் கேட்காமலே சொன்னார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பீளமேட்டு அம்மணி நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"காத்தால இருந்து அவுரு வாயில அதேதானுங்க. பீளமேட்டு அம்மணி வாராங்க, பீளமேட்டு அம்மணி வாராங்கன்னு. நான் எட்டு மணிக்கே வந்து உக்காந்துருக்கறேன். நீங்க வந்தா நேரா உள்ள தாட்டிவிடச் சொல்லியிருக்காருங்க."

"நீங்க முதல்ல போங்க. எனக்குப் பத்தரைக்குத்தானுங்க."

"நான் போயி என்னங்க பண்றது? என்ற கதைதான் தெரிஞ்சுபோச்சே." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மொதத் தடவ வந்தப்ப அவுரு ஒரே ஒரு கேள்விதானுங்க கேட்டாரு. உங்க ஊட்டுக் கல்யாணத்துக்கு எத்தன பத்திரிகை அடிச்சீங்கன்னு."

"எதுக்குங்க?"

"எத்தன சனம் இருக்குதுன்னு தெரியோணுமில்லீங்க? அத்தன பொஸ்தகம் போகுமின்னு ஒரு கணக்கு. நான் புள்ள கல்யாணத்துக்கு ரெண்டாயிரம் அடிச்சேன்னு சொல்லிப்போட்டேன். அடிச்சது ஐநூறுங்க. மனுசன் எந்த அச்சாபீசுன்னு கேட்டு, எம் முன்னாலயே போன் போட்டுக் கேட்டுப்போட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க. அடுத்த மாசம் பாக்கலாமுங்கன்னாரு. இது நாலாவது அடுத்த மாசம்."

அவர் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அதை அவர் கவனித்துவிட்டார். "உங்களுக்கென்னங்க, நீங்க சிரிப்பீங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

உள்ளிருந்து ஏஜெண்ட் எழுந்து வந்து வாசல்வரை என்னை எதிர்கொண்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பையில் இரண்டு பேனா. பெண்களை எதிர்கொள்ள எழுந்து வருகிறவர்களை எங்கள் கல்லூரியில் நான் கண்டதில்லை. "வாங்க அம்மணி, வாங்க. உக்காருங்க. மாமா சௌக்கியமுங்களா? மில்லெல்லாம் எப்பிடிப் போவுதுங்க?" என்றார். பங்களா முதலாளியை அவர் மாமா முறை வைத்து விசாரிப்பதாக எண்ணி, நல்லா இருக்காங்க என்றேன். முதலாளி அன்று காலையும் நலமாகத்தான் இருந்தார். கார் கிளம்புவதைப் பார்த்திருந்தேன்.

மேசையில் என் பிரதி இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். விடியற்காலை. ஒரு பெரிய வீட்டின் பின்கட்டு. வீட்டுக்காரம்மா இடது இடுப்பில் செருகிய சாவிக்கொத்தை எடுத்துச் சாமான் அறையைத் திறக்கிறார். அன்றைக்கு வேண்டிய அரிசியைச் சமையல்காரிக்கு அளந்து போடுகிறார். அளக்கும்போது அவருடைய இடது கை டின்னின் மூடியைவிட்டு எடுபடுவதில்லை. படி நிறைந்ததும் மூடி தானாக விழுவதுபோல் விழுகிறது. பிறகு சாவிக்கொத்தை ஒவ்வொரு சாவியாகத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். கடைசியில் இருக்கும் மிகச் சிறிய சாவியை மட்டும் தொடுவதோடு நிற்காமல் உள்ளங்கையில் ஒரு நொடி மூடிவைத்துக்கொள்கிறார். அது நகைப் பெட்டியின் சாவி.

அவர் நன்றாகவே வாசித்தார். மூடி விழும் இடத்தில் நிறுத்தினார்.

"என்ன அருமைங்க. இது உள்ள இருந்து பாத்த கண்ணுக்குத்தானுங்க தெரியும். வெளிய இருக்கறவன் எத்தன பொஸ்தகம் படிச்சாலும் இந்த மூடி மேல இருக்கற கையி அவனுக்குத் தெரியாது. நம்ம ஊட்டுப் பொம்பளைங்க கையி இது. நம்ம பழக்கம் இது. எங்கம்மாவே இப்பிடித்தானுங்க அளப்பாங்க."

என் எழுத்தைப் பற்றி ஒரு வெளி மனிதர் சொல்லி நான் கேட்ட முதல் சொற்கள் அவை. நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. நன்றிங்க என்று மட்டும் சொன்னேன். கீழே ஓட்டலிலிருந்து காப்பி வந்தது. அவர் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, பேனா மூடியைத் திருகினார்.

"இதே மாசம் சென்னைக்கு எழுதிப்போடறேன். தையில வெளியீடு வெச்சுக்கலாம். மண்டபம் உங்களுதே இருக்குது. அது சரி, அண்ணன் கல்யாணத்துக்கு எத்தன பத்திரிகைங்க அடிச்சீங்க? நாலாயிரம்னு கேள்விப்பட்டேன்."

எனக்கு அண்ணன் இல்லை. மண்டபமும் இல்லை. பெஞ்சில் இருந்தவர் சொன்னதும், வாசல்வரை வந்த வரவேற்பும், மாமா சௌக்கியமும் அந்த ஒரு நொடியில் ஒன்றாகச் சேர்ந்து விளங்கின. பேசாமல் இருந்திருந்தால் அவர் அந்தக் கடிதத்தை எழுதி முடித்திருப்பார் என்பதும் விளங்கியது.

"நான் அந்த வீட்டுப் பொண்ணு இல்லீங்க. நாங்க அவங்க அவுட்ஹவுசுல வாடகைக்கு இருக்கறோம். எங்கப்பா மிஷன் ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டருங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். முகத்தில் எதுவும் மாறவில்லை. "காப்பி ஆறிப்போகுதுங்க, குடிங்க" என்றார். ஏனுங்க, என்னங்க, சரீங்க என்ற மரியாதை ஒரு எழுத்தும் குறையவில்லை. குறைந்தது ஒரே ஒரு சொல். அதன் பிறகு அவர் நம்ம வீடு என்று சொல்லவில்லை. அவிங்க வீடு என்றார்.

"அட்ரசுல அவுட்ஹவுசுன்னு போட்டிருக்கோணுமில்லீங்களா அம்மணி?"

"எங்களுக்கு அந்த அட்ரஸ்லதானுங்க தபால் வரும்."

"தபால்காரனுக்குத் தெரியுமுங்க. எனக்கெப்பிடித் தெரியும்? சரி, உங்க ஊட்டுல கடைசியா நடந்த கல்யாணத்துக்கு எத்தனைங்க?"

"அக்கா கல்யாணத்துக்கு நூத்தம்பது."

"நூத்தம்பதுங்களா." அவர் அந்த எண்ணை, தட்டில் முடி கிடப்பதைச் சொல்வதுபோல் சொன்னார். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்து எல்லோருக்கும் அறிவிப்பார்கள். அதைக் கேட்டவர்களுக்குத் தனியாகப் பத்திரிகை வைக்கும் வழக்கம் அதிகம் இல்லை. அதை அவருக்கு விளக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

"கதையப் பத்திச் சொல்லுங்க" என்றேன்.

"கதைங்களா?" அவர் முதல் பக்கத்தை மறுபடி எடுத்தார். இம்முறை சத்தமாக வாசிக்கவில்லை. "கொஞ்சம் எட்டிப் பாத்து எழுதுன மாதிரி இருக்குதுங்க. ஒரு ஊட்டுப் பொம்பள அரிசி அளக்கறத இப்பிடி மூடி மேல கை வெச்சா, வெக்கலயான்னு நோட்டம் பாத்து எழுதறது நல்லாவாங்க இருக்குது? உள்ள இருக்கறவங்களுக்கு அது கண்ணுல படாது. வெளிய இருந்து பாக்கறவங்களுக்குத்தான் படும்."

"கால் மணி நேரத்துக்கு முன்னால வேற சொன்னீங்களே."

"அப்ப இது அந்த ஊட்டு அம்மணி எழுதுனதுங்க."

இதை அவர் வெட்கமில்லாமல் சொன்னார் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் துல்லியம் அதுவல்ல. வெட்கப்பட ஏதாவது இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. எங்கள் வகுப்பில் பேராசிரியர் கவிதைகளை எழுதியவர் பெயரை மறைத்து உருட்டச்சுப் பிரதியாகக் கொடுப்பார். பெயர் தெரியாமல் படிப்பதே உண்மையான வாசிப்பு என்று நாங்கள் பக்கம் பக்கமாகத் தேர்வில் எழுதினோம். அந்த மாடி அறையில் பெயருக்கும் முன்னால் முகவரி படிக்கப்பட்டது. அதற்குப் பிறகே மூடி மேல் இருந்த கை நல்ல கையா கெட்ட கையா என்பது முடிவாயிற்று.

"என்னங்க பாப்பீங்க நீங்க, ஒரு கதை வந்தா?" என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினேன்.

"மொதல்ல எந்த ஊரு, எந்த ஊடுன்னு பாப்பேனுங்க. அப்பறம் சனம். அப்பறம் கையெழுத்து. உங்க கையெழுத்து நெம்ப நல்லாருக்குதுங்க." அவர் யோசித்தார். பிறகு, எனக்கு ஓர் உதவி செய்கிறவரைப்போல் முன்னால் சாய்ந்தார். "ஒண்ணு பண்ணலாமுங்க. பொஸ்தகம் வரோணும், அவ்வளவுதான? அவிங்க ஊட்டு மருமகப் பொண்ணு டிகிரி படிச்சது. அது பேருல போட்டுக்கலாம். முன்னுரையில உங்களுக்கு நன்றின்னு ஒரு வரி போடச் சொல்றேன். நாலாயிரம் பத்திரிகை அடிச்ச ஊடு. பொஸ்தகம் பறந்துபோகும்."

"எழுதினது நான்."

"அதத்தானுங்க நன்றியில போடறோம்."

பிரதியைத் திருப்பிக் கொடுங்க என்றேன். கொடுக்கிறேன் என்றார். கையை நீட்டினேன். அவர் பிரதியை ரெக்சின் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"குடுக்க மாட்டேன்னு சொல்லலீங்களே. சாயங்காலம் நானே பீளமேடு வாரேன். அவிங்களையும் ஒரு வார்த்தை கேட்டுப்போடலாம். அவிங்க ஊட்டக் கதையா எழுதியிருக்கீங்க, அவிங்களக் கேக்க வேண்டாமுங்களா?" சொல்லிக்கொண்டே தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்து எண்ணைச் சுழற்றினார். எண்ணைப் புத்தகத்தில் தேடவில்லை, மனப்பாடமாக இருந்தது. "ஏனுங்க, நல்லாருக்கீங்களா? நான்தானுங்க பேசறேன்." எனக்கு எதிரிலேயே பேசினார், என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதே இனிய குரலில் அதே பதில். பிடுங்கிக்கொண்டு ஓடுவது என் இயல்பில் இல்லை. வெளியே வந்தேன்.

பெஞ்சில் இருந்தவர் காத்திருந்தார். "ஆச்சுங்களா அம்மணி?"

"இல்லீங்க."

"எத்தன சொன்னீங்க?"

"நூத்தம்பது."

"நெசத்தச் சொல்லிப்போட்டீங்களா?" முதல் முறையாக அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியில் எனக்காக வருத்தம் ஒரு துளியும் இல்லை. துணிப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மாலை ஐந்தரைக்கு ஏஜெண்டின் ஸ்கூட்டர் பங்களாவின் முன்பக்கம் வந்து நின்றது. எங்கள் அறை ஜன்னலிலிருந்து அதன் பின் சக்கரம் மட்டும் தெரிந்தது. சற்று நேரம் கழித்துப் பின்கட்டுக் கதவு திறந்து, வீட்டுக்காரம்மாவின் குரல் கேட்டது. "கண்ணு, சித்த வந்துட்டுப் போ."

அந்த வீட்டின் சமையலறைவரை நான் போயிருக்கிறேன். வாடகை நாளிலும், பண்டிகைப் பலகாரம் வாங்கவும், மின்சாரம் போனால் மெழுகுவத்தி கொடுக்கவும் போயிருக்கிறேன். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு நிலைப்படி. அதைத் தாண்டக் கூடாது என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. தாண்டியதும் இல்லை.

வீட்டுக்காரம்மா அந்த நிலைப்படியில் நின்றார். சாவிக்கொத்து இடது இடுப்பில்.

"நான் இடது பக்கம் சாவி செருகறத எழுதியிருக்கறயாமா."

"ஆமாங்கம்மா."

"மூடி மேல கை வைக்கறதயும்."

"ஆமாங்கம்மா."

"உங்கம்மா எங்கிட்டக் கறிவேப்பல கேட்டு எத்தன நாளு வந்திருக்கா. நான் அளந்தா குடுத்தேன்?"

கறிவேப்பிலையை அவர் அளந்து கொடுத்ததில்லை, அது உண்மை. சமையல்காரிக்கு அரிசியை அளந்துதான் போட்டார், அதுவும் உண்மை. நான் எழுதியது இரண்டாவதை.

"அத மட்டும் எடுத்துப்போடு கண்ணு. மத்தது நல்லாருக்குதுன்னு அவுரு சொல்றாரு. மருமக பேருல வந்தா என்ன, உம் பேருல வந்தா என்ன? எல்லாம் இந்த ஊட்டுலதான இருக்குது."

"என்னோட கதை எங்கீங்கம்மா?"

"மருமக படிச்சுக்கிட்டிருக்கறா."

நான் நிலைப்படியைத் தாண்டினேன். தீர்மானித்துத் தாண்டியதாகச் சொல்ல முடியாது. வீட்டுக்காரம்மா, நான் நின்றுவிடுவேன் என்ற நம்பிக்கையில் விலகாமல் இருந்தார். பக்கவாட்டில் இருந்த இடைவெளி போதுமானதாக இருந்தது.

என் நாவலின் ஏழாம் அத்தியாயம் அந்தக் கூடத்தில் நடக்கிறது. அதில் நான் ஊஞ்சல் போட்டிருந்தேன், தேக்கு அலமாரி வைத்திருந்தேன், அலமாரிக்குள் நகைப் பெட்டி வைத்திருந்தேன். உண்மையான கூடத்தில் ஊஞ்சல் இல்லை. ரெக்சின் சோபா இருந்தது. சுவரோரம், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், வெளிர்நீல நிறத்தில் ஒரு ஃபிரிட்ஜ் நின்றது. அதன் கதவில் பூட்டு இருந்தது. கொத்தின் கடைசிச் சிறிய சாவி எதற்கு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஏஜெண்ட் சோபாவில் உட்கார்ந்திருந்தார். "வாங்க அம்மணி, உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம்" என்றார். எதிர் நாற்காலியில் மருமகள். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். என் பிரதி அவர் மடியில் பாதிக்கு மேல் திரும்பிக் கிடந்தது. காலையில் அதை வாசித்தவர் முதல் பக்கத்தோடு நின்றிருந்தார் என்பது என் சந்தேகம். பாதிக்கு மேல் படித்த முதல் ஆள் இவர்தான்.

மருமகள் தலை நிமிர்ந்தார். "இதுல நான் எங்க?"

"நீங்க இல்லீங்க."

"இந்த ஊட்டுக்கு வந்து அஞ்சு வருசம் ஆச்சு. சமையல்காரி இருக்கறா, டிரைவர் இருக்கறான், நாய்கூட இருக்குது. நான் இல்ல."

"உங்களப் பின்கட்டுல நான் பாத்ததே இல்லீங்க. பாத்தத மட்டும்தான் எழுதினேன்."

"வர உட்டாத்தான பாப்பே." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, நிலைப்படியைப் பார்த்தார்.

"உனக்கு இங்க என்ன கொறைன்னு கேக்கறேன்" என்றார் வீட்டுக்காரம்மா.

"கொறைன்னு யாருங்க சொன்னா? கதையில ஒரு ஓரமாக் கூட இல்லீன்னேன்."

ஏஜெண்ட் இரண்டு கைகளையும் லேசாக உயர்த்தினார். "அதுக்கென்னங்க, சேத்துக்கலாம். உங்களப் பத்தி ஒரு அத்தியாயம் சேத்துக்கலாம்."

"யாரு சேப்பா?"

"இவிங்கதான்" என்று என்னைக் காட்டினார்.

"இவ என்னயப் பத்தி எழுதி, அத நான் எழுதுனதாப் போடறதா?" மருமகள் சிரித்துவிட்டார். "நாலாயிரம் சனம் மண்டபத்துல உக்காந்துருக்கும். எங்கண்ணன் மொத வரிசையில இருப்பான். நான் பொறந்த ஊட்டுக்கு லெட்டர் எழுதுனாலே மூணு வரிதான்னு அவனுக்குத் தெரியும். அவன் எந்திரிச்சு, இந்தச் சாவி எதுக்குடின்னு கேட்டா, ஃபிரிட்ஜுக்குன்னு சொல்றதா, நகைக்குன்னு சொல்றதா?"

வீட்டுக்காரம்மாவின் கை இடுப்புக்குப் போயிற்று. ஏஜெண்ட் ஃபிரிட்ஜைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

நான் நாற்காலி அருகே போய், மருமகளின் மடியிலிருந்து பிரதியை எடுத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை, கொடுக்கவும் இல்லை. "என் பேர் இல்லாம இது எங்கயும் போகாதுங்க" என்று ஏஜெண்டிடம் சொன்னேன். என் வாழ்நாளில் அத்தனை பேர் முன்னால் நான் சொன்ன மிக நீளமான வாக்கியம் அது.

"உங்க பேருல நீங்களா அனுப்புனீங்கன்னா சென்னையில கட்டையே பிரிக்க மாட்டாங்க அம்மணி."

"தெரியுமுங்க."

நிலைப்படியைத் திரும்பத் தாண்டும்போது வீட்டுக்காரம்மா என் தோளைத் தொட்டார். குரல் காலையில் ஏஜெண்டின் குரல் இருந்ததுபோலவே இதமாக இருந்தது. "ஏங்கண்ணு, அடுத்த மாசம் அவுட்ஹவுசுக்கு வெள்ளையடிக்கோணும். அப்பாகிட்டச் சொல்லிப்போடு."

எங்கள் தெருவில் வீட்டைக் காலி செய்யச் சொல்வது அப்படித்தான். யாரும் போ என்று சொல்வதில்லை. வெள்ளையடிக்க வேண்டும் என்பார்கள். வெள்ளையடித்த பிறகு பழைய குடித்தனம் திரும்பியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

வீட்டில் சொன்னேன். அப்பா சுவரைப் பார்த்தார். அதில் அவர் வரைந்த படங்கள் இருந்தன. அம்மா கேட்டது ஒரே கேள்வி. "அவங்க வீட்டு அரிசிய நீ எதுக்கு அளக்கப் போன?" அம்மாவின் கோபத்தை நான் நியாயமானது என்று இன்றும் ஒப்புக்கொள்கிறேன். ஏஜெண்டின் மேல் எனக்குள்ள பகையை அப்படி நியாயப்படுத்த வேண்டிய தேவை இருப்பதாக நினைக்கவில்லை. அவர் என் நாவலை மறுத்திருந்தால் மறந்திருப்பேன். அவர் அதைப் புகழ்ந்தார். பிறகு அந்தப் புகழை, தவறான வீட்டில் இறக்கிவிட்ட பார்சலைப்போல் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை வெளிச்சம் வந்ததும் மேசையில் உட்கார்ந்து ஏழாம் அத்தியாயத்தைப் பிரித்தேன். ஊஞ்சலை அடித்தேன். தேக்கு அலமாரியை அடித்தேன். ஃபிரிட்ஜை எழுதினேன், அதன் பூட்டை எழுதினேன். நாற்காலியில் உட்கார்ந்து, நிலைப்படியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை நான்கு வரிகளில் எழுதினேன். பிறகு முதல் பக்கத்தைப் புதிய தாளில் திரும்பப் படியெடுத்தேன். நகைப் பெட்டி இருந்த இடத்தில் ஃபிரிட்ஜ் வந்தது. மூடி மேல் இருந்த கையை அப்படியே விட்டேன்.

பிரதியைக் காக்கித் தாளில் கட்டினேன். சென்னையில் பிரிக்க மாட்டார்கள் என்பது தெரிந்த விஷயம். எனவே முதல் பக்கத்தை உள்ளே வைக்கவில்லை. கட்டின் வெளிப்புறத்தில், பெறுநர் முகவரிக்குக் கீழே, நான்கு ஓரமும் பசை தடவி ஒட்டினேன். பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறவரும் முகவரியைத் திருத்தி எழுத அந்தப் பக்கத்தைப் பார்த்தாக வேண்டும். அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். கதவு எண்ணை எழுதி, காற்புள்ளி வைத்து, அவுட்ஹவுஸ் என்று எழுதினேன். அந்த முகவரியில் அடுத்த மாதம் நாங்கள் இருப்போமா என்று தெரியாது. ஆனால் நாவல் எழுதப்பட்ட முகவரி அதுதான்.

ஞாயிற்றுக்கிழமையும் பதிவுத் தபால் வாங்குவது ரயில் நிலையத்தின் ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே தபால் ஜன்னல் மட்டுமே. ஆராதனைக்குப் போகும் வழியில் பஸ் மாறி அங்கே போனேன். ஜன்னலில் இருந்தவர் கட்டைத் தராசில் வைத்துவிட்டுத் திருப்பிப் பார்த்தார்.

"இந்தத் தாள உள்ள வெக்க மறந்துபோட்டீங்களாம்மா?"

"இல்லீங்க. வெளிய இருக்கறதுக்குத்தான்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். அவர் கை நேராகத் தாளின் நடுப்பகுதிக்கு, அரிசி அளக்கும் வரிகளுக்கு மேலே வந்தது. நான் ஜன்னலுக்குள் கையை நீட்டி, எழுத்து இல்லாத கீழ் ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.